குனிந்த தலையும் குனியாத தலையும்

நாட்டுப்பற்றும் இறைப்பற்றும் மோதினால் ஒன்றைத் துறந்தே மற்றொன்றைக் காக்க இயலும் என்று நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஜப்பானியரான உச்சிமுரா கன்சோவின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது.

1891 ஜனவரி 9 அன்று, டோக்கியோவின் அரசுக் கல்விக்கூடமொன்றில், பேரரசர் மெய்ஜி கையொப்பமிட்ட கல்விப் பேராணையின்முன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகத் தாழப் பணிந்தனர். கிறிஸ்தவரான உச்சிமுரா தயங்கி, சற்றே தலைசாய்த்ததோடு நின்றார். வழிபாடு இறைவனுக்கே உரியது என்பது அவர் நம்பிக்கை. அது வழிபாடன்று, மரியாதையே என விளக்கப்பட்டபின் பணியவும் இசைந்தார். அவர் நோயுற்றிருந்தமையால் சக ஆசிரியர் ஒருவர் அவர் பொருட்டுப் பணிந்தார். ஆயினும் துரோகிப் பட்டம் நீங்கவில்லை, வேலை போயிற்று. அவ்வாண்டே மனைவியும் மறைந்தார்.

அவரோ, இயேசுவையும் ஜப்பானையும் ஒருசேர நேசிப்பதாக எழுதியவர். 1894இல் சீனாவுடன் மூண்ட போரை அறப்போர் என்றே ஆதரித்தார். பேராணையின்முன் குனியாத தலை அன்று குனிந்தது என்போம் நாம். விளைவு கண்டு வருந்தினார். 1903இல், தாம் எழுதிவந்த ‘யொரோசு சோஹோ’ நாளிதழ் ரஷ்யாவுக்கு எதிரான போரை ஆதரிக்க முற்பட்டதும் அதைவிட்டு விலகினார்.

நாட்டைக் கைவிடாமலே நாட்டிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் துணிவை அவருக்குத் தந்தது அந்த நம்பிக்கைதான்.