காற்றில் வந்ததைக் கைவசமாக்கல்: கடலூர் – சிதம்பரம் வட்டாரத்தில் வீட்டுத் தொலைக்காட்சிப் பதிவு

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியபோது, ஏறத்தாழ 180 கி.மீ. தெற்கே இருந்த கடலூருக்கு அதனால் பெரிய பயனில்லை. தரைவழி அலைகள் அவ்வளவு தூரம் ஒழுங்காக எட்டுவதில்லை. 1983-இல் இன்சாட்-1பி விண்ணேறி, நாடெங்கும் குறைந்த திறன் ஒளிபரப்பிகள் பெருகிய பிறகே இப்பகுதி மாடிகளில் ஆண்டெனா பரவலாயிற்று.

பதிவு செய்யும் ஆசையும் கூடவே வந்தது, கருவி வரவில்லை. ஊரில் 'டெக்' என்றால் பெரும்பாலும் படம் போட மட்டுமே உதவும் வி.சி.பி.; கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் டி.வி.யோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பார்கள். பதிவும் செய்யும் வி.சி.ஆர். வசதியுள்ள வீடுகளின் பொருள். பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் பெட்டியோடு கொண்டுவந்தார்கள். அந்த நாடுகளில் பெரும்பாலும் நம் நாட்டைப் போலவே 'பால்' (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறை என்பதால் அக்கருவிகள் இங்கே எளிதில் வேலை செய்தன. அமெரிக்காவில் வாங்கியவை செய்யவில்லை.

ஆகவே இவ்வட்டாரத்தில் வீட்டுப் பதிவின் வரலாறு காட்சியிலிருந்து அல்ல, ஒலியிலிருந்துதான் தொடங்குகிறது என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமை மாலை 'ஒலியும் ஒளியும்' பாட்டு நிகழ்ச்சி தொடங்குமுன் டேப் ரெக்கார்டரை டி.வி.யின் ஒலிபெருக்கியருகே வைத்து, பிளே, ரெக்கார்டு இரண்டு பொத்தான்களையும் சேர்த்து அழுத்துவார்கள். பாட்டு முடியும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. அழியாமல் காக்க வேண்டிய கேசட்டின் விளிம்பிலுள்ள சிறு பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவார்கள். மறுபடி பதிய வேண்டுமானால் அந்தப் பள்ளத்தின் மேல் செலோடேப் ஒட்டினால் போதும். இலவசமாக வந்த பாட்டை வைத்துக்கொள்ள யாரிடமும் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றியதில்லை.

அந்த எண்ணத்தின் ஒரு பகுதியை மட்டும் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், வி.சி.ஆர். தயாரித்த சோனி நிறுவனத்தின் மீதான வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் ஏற்றது: பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவது உரிமை மீறல் ஆகாது. இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 1994 திருத்தம் அமைத்த 39-ஆம் பிரிவு, சொந்தப் பயனுக்கோ, கற்பித்தலுக்கோ, ஆய்வுக்கோ பதிவது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறாது என்றது. ஆனால் ஒளிபரப்பில் வந்த திரைப்படத்துக்கும் பாட்டின் ஒலிப்பதிவுக்கும் தனி உரிமை உண்டு. சொந்தப் பயனுக்கான விலக்கு அவற்றுக்கும் நீண்டது 2012 திருத்தத்தில்தான். கால் நூற்றாண்டுக்கும் மேலாக வீடுகளில் நடந்துவந்த வழக்கத்தைச் சட்டம் அப்போதுதான் எட்டிப்பிடித்தது.

வேதனை என்னவென்றால், அதே ஆண்டுகளில் கருவி கைவிட்டது. கேபிள் டிஜிட்டல்மயம் 2017 மார்ச்சில் கடைசிக் கட்டத்தை எட்டியது. முன்பு கம்பியை நேரே வி.சி.ஆரில் செருகி ஒன்றைப் பதிந்துகொண்டே வேறொன்றைப் பார்க்கலாம்; சாதாரண செட்டாப் பாக்ஸ் வந்தபின் அது காட்டும் ஒரே சேனலைத்தான் பதிய முடியும். தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பும் 2022-க்குள் பெரும்பாலும் நின்றது. மாதச் சந்தா இல்லாத, 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் நேரடிச் செயற்கைக்கோள் சேவை போன்றவற்றின் சில பெட்டிகளில் மட்டும் பென் டிரைவ் செருகிப் பதிய வழி இருக்கிறது. உரிமை முழுமையான நேரத்தில் அதைப் பயன்படுத்தும் வழி பெட்டி செய்பவர் கைக்குப் போய்விட்டது. இது வீட்டில் பார்ப்பவருக்கு நேர்ந்த இழப்பு. நம் நுகர்வோர் இயக்கங்கள் இதைப் பேச வேண்டும்.

ஏற்கெனவே பதிந்தவையும் காக்கத் தக்கவை. பிபிசி அழித்துவிட்ட 1960-களின் 'டாக்டர் ஹூ' தொலைக்காட்சித் தொடரின் பகுதிகளுக்கு இன்று ஒலியாவது மிஞ்சியிருக்கிறதென்றால், அதற்குக் காரணம் பார்வையாளர்கள் வீட்டில் பதிந்த நாடாக்கள். கடலூர்க் கரையை 2004 சுனாமியும் 2011 தானே புயலும் தாக்கின. உப்புக்காற்றும் ஈரமும் நாடாவை நாள்தோறும் அரிக்கின்றன. பரண்களில் எஞ்சியிருக்கும் கேசட்டுகளைச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு நிறுவனம், பூசணம் முற்றுமுன், வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் படியெடுக்க வேண்டும்.