படிக வடிவங்களும் சமச்சீர் குலங்களும்

ஒரு படிகத்தைச் சுழற்றினாலோ கண்ணாடிப் பிம்பமாக்கினாலோ அது முன்போலவே தோன்றுமானால், அச்செயல் அதன் சமச்சீர்ச் செயல் எனப்படும். ஒரு புள்ளியை நிலையாக வைத்துச் செய்யும் இத்தகைய செயல்கள் அனைத்தும் சேர்ந்தது புள்ளிக் குலம். ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு குலத்தின் எல்லாச் செயல்களுக்கும் உட்படுத்தினால் கிடைக்கும் முகங்களின் தொகுப்பைப் படிகவியலார் ‘வடிவம்’ என்பர். இயற்கையில் முகங்கள் சீராக வளர்வது அரிது. ஆனால் முகங்களுக்கு இடையிலான கோணங்கள் மாறுவதில்லை என்று ஸ்டெனோ 1669இலேயே கண்டார். வகைப்பாடு கோணங்களையே நம்புகிறது.

புறத்தோற்றம் மட்டும் பார்த்தால் ஏமாற நேரும். கறியுப்பும் பைரைட்டும் கனசதுரமாக வளரக்கூடியவை. ஆனால் பைரைட்டின் முகங்களில் பெரும்பாலும் மெல்லிய இணைகோடுகள் ஓடும். ஒரு முகத்தின் கோடுகள் அடுத்த முகத்தின் கோடுகளுக்குச் செங்குத்தாக இருக்கும். முகத்துக்குச் செங்குத்தான அச்சில் 90 பாகை திருப்பினால் கோடுகள் பொருந்தா, 180 பாகை திருப்பினால் பொருந்தும். ஆகவே உப்பின் குலத்தில் 48 செயல்கள், பைரைட்டின் குலத்தில் அதில் சரிபாதியான 24. இந்த வேறுபாடு வடிவத்திலும் தெரியும். படிக அச்சுகளைப் பொறுத்த சாய்வைக் குறிக்கும் எண்களால் (210) எனப்படும் முகம் உப்பின் குலத்தில் 24 முகங்களாகப் பெருகும். பைரைட்டில் 12 ஐங்கோணங்களோடு நின்றுவிடும். இத்தாலியின் எல்பா தீவுப் பைரைட்டுகள் இவ்வடிவத்துக்குப் பெயர்போனவை. அந்த முகங்கள் ஒழுங்கான ஐங்கோணங்கள் அல்ல, ஆகவும் முடியாது.

காரணம் அணிக்கோவை, அதாவது படிகத்தின் மீளும் அடுக்கமைப்பு. ஒரே அலகு இடைவெளியின்றி மீண்டும் மீண்டும் அடுக்கப்பட வேண்டுமானால், சுழற்சிக் கோணத்தின் கோசைனின் இருமடங்கு முழு எண்ணாக வேண்டும். 60, 90, 120, 180, 360 பாகைகளுக்கே அது வாய்க்கிறது. ஒழுங்கான ஐங்கோணங்களுக்குத் தேவையான ஐந்துமடிச் சுழற்சியின் 72 பாகைக்கு 0.618 வருகிறது. இந்த ஒரே கட்டுப்பாட்டினால் புள்ளிக் குலங்கள் 32ஆகச் சுருங்குகின்றன. ஹெஸ்ஸல் 1830இல் இதை நிறுவியும் நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. 1867இல் கடோலின் தனியாக அதே முடிவுக்கு வந்தார். இடப்பெயர்ச்சிகளையும் சேர்த்தால் கிடைக்கும் 230 வெளிக் குலங்களை ஃபெடரோவும் ஷோன்ஃபிளீஸும் 1891இல் வகுத்தனர். அணுக்களின் இருப்பிடத்தை எக்ஸ் கதிர்கள் காட்டுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே கணிதம் இந்தப் பட்டியலை முடித்துவிட்டது வியப்புக்குரியது.

1982இல் டான் ஷெக்ட்மன் ஓர் அலுமினிய-மாங்கனீசு உலோகக்கலவையில் ஐந்துமடிச் சமச்சீரைக் கண்டார். அந்தக் கலவையின் அணுக்கள் ஒழுங்காக அமைந்திருந்தும் குறித்த இடைவெளியில் மீளாதவை. எனவே அந்தக் கட்டுப்பாடு அதற்குப் பொருந்தவில்லை. பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியம் 1992இல் படிகத்தின் வரையறையையே திருத்தி, மீள்அமைப்பு என்ற நிபந்தனையைக் கைவிட்டது.