அம்மம்மாவின் கொக்கிஸ் அச்சு

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எங்கள் வீட்டில் நத்தார் என்றால் கொக்கிஸ்தான். கொதிக்கும் எண்ணெயில் சூடேற்றிய அச்சை, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கலந்த கரைசலில் விளிம்பு மூழ்காமல் தோய்த்து, அம்மம்மா மீண்டும் எண்ணெயில் இடுவார். பூ கழன்று மிதக்கும்.

'நத்தார்' போர்த்துக்கேயர் தந்த சொல். 'கொக்கிஸ்' ஒல்லாந்தரின் 'கூக்யெஸ்' என்பதன் திரிபு. ஆங்கிலத்துக் 'குக்கி'யும் அதன் உறவே. 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் இங்குள்ள கோட்டையைப் பறித்தனர். அப்பகைவர் இருவரின் சொற்களும் எங்கள் அடுப்படியில் சமாதானமாயின. மாவும் பாலும் நம்முடையவை.

1990இல் ஊரைவிட்டு ஓடியபோது அம்மா நகைகளோடு அந்த அச்சையும் எடுத்துவந்தார். செய்முறையை எவரும் எழுதிவைக்கவில்லை. சென்ற நத்தாருக்குப் பேத்தியோடு நான் சுட்ட முதல் மூன்றும் அச்சிலேயே ஒட்டிக்கொண்டன. அச்சு போதிய அளவு காயவில்லை. நான்காவது கழன்றது. அன்றிரவே அளவுகளை எழுதிவைத்தேன்.