70079

மொத்தமே 254 வண்டிகள்தான் இந்த மாடலில் வந்தன. பி.எம்.டபிள்யூ 507. ஆல்பிரெக்ட் கோர்ட்ஸ் வரைந்த அலுமினிய உடல், 3.2 லிட்டர் வி8 எஞ்சின், 150 குதிரைத்திறன். கம்பெனிக்கு நஷ்டத்தைத்தான் தந்தது. ஆனால் அழகென்றால் அப்படியொரு அழகு.

அவற்றில் 1957-ல் பிறந்த ஒன்றின் சேஸிஸ் நம்பர் 70079. மலைப்பாதைப் பந்தயங்களின் மன்னன் என்று ஜெர்மனி கொண்டாடிய ஹான்ஸ் ஸ்டுக் இதை ஓட்டிப் பந்தயங்களில் ஜெயித்தார். 1958 டிசம்பரில் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் கைக்கு வந்தது. அவர் அப்போது ஜெர்மனியில் அமெரிக்க ராணுவச் சிப்பாய். பாத் நவ்ஹைம் வீட்டிலிருந்து ஃபிரீட்பெர்க் முகாமுக்கு இதில்தான் போய்வந்தார். வெள்ளை வண்டி, ரசிகைகள் விடுவார்களா? நிறுத்திய இடத்திலெல்லாம் லிப்ஸ்டிக் முத்தங்கள். எத்தனை முறைதான் துடைப்பது? சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார்.

1960-ல் எல்விஸ் ஊர் திரும்பினார். வண்டியும் கடல் கடந்தது. அலபாமாவின் வானொலி அறிவிப்பாளரும் பந்தயக்காரருமான டாமி சார்லஸ் அதை வாங்கி, வி8 எஞ்சினைக் கழற்றிவிட்டு செவர்லே எஞ்சினைப் பொருத்தினார். இடம் போதவில்லை, முன்பக்கச் சட்டத்தையே வெட்டினார்கள். கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும்கூட மாறின. பந்தயக்காரருக்கு வேகம்தான் முக்கியம், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வெட்டை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

1968-ல் வாங்கியவர் கலிபோர்னியாவின் விண்வெளிப் பொறியாளர் ஒருவர். கொஞ்ச காலம் ஓட்டினார். பிறகு, என்றாவது பழையபடி ஆக்கிவிடலாம் என்று ஓரங்கட்டி வைத்தார். ஹாஃப் மூன் பேயில் பூசணிக்காய் அடுக்கும் கிடங்கு ஒன்றில் வண்டி துருப்பிடித்துக்கொண்டே நின்றது. அவரோ ஒவ்வொன்றாக ஒரிஜினல் பாகங்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் பொறுமைக்குத்தான் நான் கைகூப்புவேன்.

சேஸிஸ் நம்பர் பொருந்தியதும் எல்விஸின் வண்டி இதுதான் என்று உறுதியானது. 2014-ல் மியூனிக் போய்ச் சேர்ந்தது. முதலில் துருவும் தூசியுமாக அப்படியே அங்கிருக்கும் பி.எம்.டபிள்யூ அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். பிறகு இரண்டு வருட வேலை. அலுமினிய உடலை அடித்தட்டிலிருந்து பிரித்தார்கள். உதிரி பாகங்களைக் கொண்டே எஞ்சினைப் புதிதாகக் கட்டினார்கள். எல்விஸ் காலத்துப் படங்களைப் பார்த்து இருக்கைக்குத் தோல் தைத்தார்கள். ஜன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான், எங்கும் கிடைக்கவில்லை. 3டி பிரிண்டரில் அச்சிட்டெடுத்தார்கள். கடைசியில் பெயிண்ட்: சிவப்பு இல்லை, முத்தம் விழுவதற்கு முன்பிருந்த அதே இறகு வெள்ளை.

2016 ஆகஸ்டில் பெப்பிள் பீச் புல்வெளியில் அதை நிறுத்தினார்கள். பூசணிக்காய்க் கிடங்கு இருந்த அதே கலிபோர்னியக் கடற்கரைதான். பொறியாளர் 2014 நவம்பரிலேயே இறந்துபோயிருந்தார்.