தென்னார்க்காட்டு இரும்பும் ஷெஃபீல்டு உளியும்

முகையூர்ப் பக்கத்துப் பழைய ஆசாரிகளின் இழைப்புளியில் கட்டை அவர்களே செதுக்கியது. ஆப்பு வைத்து இறுக்கிய தகடு மட்டும் கடைச்சரக்கு. அந்தத் தகட்டின் பூர்வீகம் தேடினால் இருநூறு வருஷம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

'வேலையெல்லாம் வெளிநாட்டுக்குப் போயிடுச்சு' என்ற அமெரிக்கப் புலம்பல் நமக்குப் பழக்கம்தான். (அப்படி வந்த வேலையில்தான் எனக்குச் சம்பளம், அடக்கி வாசிக்கிறேன்.) மரவேலைக் கருவிகளில் அதற்கு உதாரணம் ஸ்டான்லி. 1869ல் லியனார்டு பெய்லியின் காப்புரிமைகளை வாங்கி, கனெக்டிகட்டில் இரும்பு இழைப்புளி செய்த கம்பெனி. பிறகு ஷெஃபீல்டுக்கும் போனது. 2009ல் பழைய 'ஸ்வீட்ஹார்ட்' முத்திரையை மறுபடி எடுத்தபோது, இழைப்புளிகள் மெக்சிகோவிலிருந்து வந்தன.

ஆனால் கடல் கடந்து போனதில் நம்முடையதும் உண்டு. ரொம்ப முன்னாடியே.

முகையூர் 1993 வரை தென்னார்க்காடு மாவட்டம். அதே மாவட்டத்துப் பரங்கிப்பேட்டையில், 1830ல், கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தை விட்ட ஜோசையா மார்ஷல் ஹீத் இரும்பாலை தொடங்கினார். சேலத்து இரும்புக்கல், காட்டு மரக்கரி. உருக்கியெடுத்த இரும்பு கப்பலேறி இங்கிலாந்து போனது. நம்மூர் உருக்குக்காரர்கள் மண்குகைக்குள் இரும்போடு ஆவாரங்கட்டையை வைத்து, எருக்கிலையால் மூடி உருக்குவதையும் அவர் விவரமாக எழுதிவைத்தார்.

1839ல், மாங்கனீசு சேர்த்து நல்ல உருக்கு செய்யும் முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு உருக்கின் விலை இறங்கியது. ஹீத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. காப்புரிமையில் இருந்தது கரியோடு சேர்ந்த மாங்கனீசு. ஆலைக்காரர்கள் மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாகக் குகைக்குள் போட்டு, 'இது வேற முறை' என்றார்கள். லைசன்ஸ் வாசகத்தில் ஓட்டை தேடுவது நம்ம ஐடி ஆட்கள் கண்டுபிடித்தது இல்லை போல. வழக்கு இழுத்துக்கொண்டே போக, 1851ல் ஹீத் இறந்தார். 1855ல் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் அவர் பக்கம் இல்லை.

பரங்கிப்பேட்டை ஆலையும் நொடித்து மூடியது. மலிந்த ஷெஃபீல்டு உருக்கு, உளியாகவும் இழைப்புளித் தகடாகவும் இந்தியச் சந்தைக்கு வந்து இறங்கியது. சேலத்துச் சிற்றுலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஹீத்தின் தோல்விக்காவது வழக்கு ஆவணம் மிஞ்சியது. அந்த உலைகளில் துருத்தி ஊதியவர்களில் ஒருவர் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை.

ஊர்க் கொல்லர் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். சீமை உளியாகவே இருந்தாலும், முனை போனால் காய்ச்சி அடித்துத் தண்ணீரில் தோய்த்துக் கொடுக்க அவர்தானே வேண்டும்? இப்போது மின்சார இழைப்பு மெஷினுக்கு இருபுறமும் கூரான சின்னத் தகடு வருகிறது. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடுகிறார்கள். மறுபக்கமும் போனால் வீசிவிடுகிறார்கள்.