86 ஆட்டங்களும் ஒரு வாழ்நாள் தடையும்: அல்ஃப்ரெடோ பச்செகோ

1982 ஜூன் 15 அன்று ஸ்பெயின் நாட்டின் எல்சே நகரில் எல் சால்வடோர் அணி ஹங்கேரியிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றது. உலகக் கோப்பை இறுதிச் சுற்றில் ஓர் அணி பத்துக் கோல்களை வாங்கியது அந்த ஒரு முறைதான். தாயகத்தில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஏறத்தாழ 75,000 உயிர்களைக் கொண்டுசென்ற போரின் நடுவே, சிதைந்த நாடொன்றின் பெயரைச் சட்டையில் சுமந்து வந்தவர்கள் அந்தப் பதினொருவர். அதன் பிறகு எல் சால்வடோர் உலகக் கோப்பையை எட்டவே இல்லை. அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, நாட்டின் மேற்கே சாண்டா ஆனா நகரில் பிறந்தவர் அல்ஃப்ரெடோ பச்செகோ.

நண்பர்கள் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஐரோப்பியக் கழகங்களில் ஆடியவரல்லர். உலகக் கோப்பைக் களத்தில் கால் பதித்தவருமல்லர். இடப்பக்கப் பின்காவலர், கோல் அடித்துப் புகழ் பெறும் இடமன்று அது. ஆயினும் தம் நாட்டு அணிக்காக அவர் ஆடிய ஆட்டங்கள் 86. அவர் இறந்தபோது எல் சால்வடோர் வரலாற்றில் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் வேறெவருமில்லை.

போர் 1992-இல் ஒப்பந்தத்தில் முடிந்தபோது பச்செகோவுக்கு ஒன்பது வயது. அமைதிக் காலத்தின் முதல் தலைமுறை என்று அவரைச் சொல்லலாம். வளர்ந்ததும் ஊர்க் கழகமான ஃபாஸ் அணியில் சேர்ந்தார். 1947-இல் தொடங்கப்பட்ட கழகம். 1979-இல் வட, மத்திய அமெரிக்க, கரீபியக் கழகங்களுக்கான கோப்பையை வென்றது. பின்னாளில் ஸ்பெயினில் காதிஸ் நகர மக்கள் கொண்டாடிய 'மாயக்காரன்' கோன்சாலஸ் ஆடிய கழகமும் அதுவே. 2002 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் ஃபாஸ் உள்நாட்டுப் பட்டங்களை அடுத்தடுத்து வென்றது. பச்செகோ தம் ஊர் அரங்கிலிருந்தே நாட்டு அணிக்குப் போனார்.

அந்த நாட்டு அணியின் சிறந்த பருவம் எதுவென்று கேட்டால், 2010 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று என்றே சொல்வேன். கார்லோஸ் தெ லோஸ் கோபோஸ் என்ற மெக்சிகோக்காரர் பயிற்றுநர். 2008 ஜூனில் பனாமாவிடம் முதல் ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்று, சான் சால்வடோரின் குஸ்காட்லான் அரங்கில் 3-1 என்று திருப்பி வென்று அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். கடைசி ஆறு அணிகளுள் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். 2009 மார்ச் 28 அன்று அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு எதிராக 77-ஆம் நிமிடம் வரை இரண்டு கோல் முன்னிலை. குஸ்காட்லான் அரங்கில் இருந்தவர்களுக்கு அது கனவாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிறகு ஒரு கோல். 88-ஆம் நிமிடத்தில் இன்னொன்று. 2-2. ஜூன் 6 அன்று அதே அரங்கில் மெக்சிகோவை 2-1 என்று வீழ்த்தினார்கள். இறுதியில் எட்டுப் புள்ளிகளுடன் ஆறில் ஐந்தாம் இடம். உலகக் கோப்பை இல்லை. ஆனால் 1982-க்குப் பிறந்தவர்கள், பழைய பத்துக் கோல் அவமானத்தைத் தம் கையாலேயே துடைக்க முயன்ற காலம் அது.

அதே 2009-இல் பச்செகோ நியூயார்க் ரெட் புல்ஸ் கழகத்துக்கு இரவலாகச் சென்று சில மாதங்கள் ஆடினார். அந்தக் கழகம் அவ்வாண்டு பட்டியலின் கடைசியில் நின்றது. அவரும் திரும்பிவிட்டார். போரிலும் வறுமையிலும் பல இலட்சம் சால்வடோரியர்கள் வடக்கே போய்த் தங்கிவிட்ட நாட்டுக்கு அவர் தொழில் நிமித்தம் போய்வந்தார் என்பது மட்டும் இங்கே குறிப்பு. பின்னாளில் அகிலா, இசித்ரோ மெடபான் ஆகிய உள்நாட்டுக் கழகங்களிலும் ஆடினார்.

இனி இக்கதையின் கசப்பான பகுதி. 2010 பிப்ரவரி 24, ஃபுளோரிடாவின் டாம்பா நகர். மீண்டும் அமெரிக்காவுக்கு எதிராக, இம்முறை நட்பு ஆட்டம். 59-ஆம் நிமிடத்தில் எல் சால்வடோர் முந்தியது. 75-இல் சமன்; கூடுதல் நேரத்தில் இரண்டாவது கோலும் விழுந்து 2-1. அடுத்தது 2011 ஜூன் 5, டெக்சாசில் கோல்டு கோப்பை. மெக்சிகோவுக்கு எதிராக இடைவேளை வரை கோல் இல்லை. 55-ஆம் நிமிடத்தில் தொடங்கி ஐந்து கோல்கள். ஹாவியர் எர்னாண்டஸ் மட்டுமே மூன்று. பார்த்தவர்கள் களைப்பு என்றார்கள், தரவேறுபாடு என்றார்கள்.

2013-இல் வேறு விளக்கம் வந்தது. ஆட்டத்தை விலைபேசுதல். (மேட்ச் ஃபிக்சிங் என்ற சொல்லை நாம் 2000-இல் கிரிக்கெட் வழியாகக் கற்றுக்கொண்டோம், கற்றுத்தந்தவர்களை நாம் மறக்கவில்லை.) அவ்வாண்டு பிப்ரவரியில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 680 ஆட்டங்கள் ஐயத்துக்குரியவை என்று அறிவித்தது, சிங்கப்பூரை மையமாகக் கொண்ட கும்பலையும் சுட்டியது. பெரிய நாடுகளின் ஆட்டங்களைவிட, கண்காணிப்புக் குறைந்த சிறுநாட்டு ஆட்டங்களே இத்தொழிலுக்கு வாகானவை. பந்தயம் கட்டுபவன் ஆசியாவில் இருப்பான். ஆடுபவன் மத்திய அமெரிக்காவில். தோற்கக்கூடும் என்று எல்லோரும் எதிர்பார்க்கும் அணி, பேசிய கோல் கணக்கில் தோற்றால் போதும். யாருக்கும் வியப்பிராது.

ஆகஸ்டில் எல் சால்வடோர் கால்பந்துக் கூட்டமைப்பு 22 ஆட்டக்காரர்களை இடைநீக்கம் செய்தது. செப்டம்பரில் 14 பேருக்கு வாழ்நாள் தடை. டாம்பா ஆட்டமும் ஐந்து கோல் ஆட்டமும் விசாரணைக்கு உள்ளானவற்றுள் இருந்தன. தடை பெற்றவர்களுள் பச்செகோவும் ஒருவர். அப்போது அவருக்கு வயது 30. தலைமுறையொன்றின் அணியே ஒரு நாளில் கலைந்தது. அந்நாட்டின் மிக அதிக ஆட்டங்களை ஆடியவர் இனி எந்த நாட்டிலும் ஆட முடியாது என்றாயிற்று.

இத்தகைய குற்றத்துக்கு வறுமையைக் காரணம் காட்டுவது வழக்கம். உள்நாட்டுக் கழகங்களில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடப்பது அங்கே புதிதன்று. முப்பதைக் கடந்ததும் முடிந்துபோகும் தொழில். இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் அதே சம்பள நிலுவையோடு விலைபோகாமல் ஆடியவர்களும் அதே நாட்டில் இருந்தார்கள். வறுமையை மட்டும் சொன்னால் அவர்களுக்குச் செய்யும் அநீதியாகும். பச்செகோவைப் பாவமன்னிப்புக் கூண்டில் ஏற்றி இறக்கிவிட எனக்கு விருப்பமில்லை.

என்னை உறுத்துவது வேறொன்று. 2009 மார்ச் ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். அது விசாரணைக்கு உள்ளான ஆட்டமன்று. ஆனால் 2013-க்குப் பிறகு அந்த 77-ஆம் நிமிடத்தையும் 88-ஆம் நிமிடத்தையும் ஒரு சால்வடோர் ரசிகன் எப்படிப் பார்ப்பான்? முன்னிலை பெற்று இழந்த ஆட்டம். டாம்பாவில் நடந்ததும் அதே வடிவம். களைத்த கால்களா, வாங்கிய பணமா என்ற கேள்வி இனி எல்லாத் தோல்விகளின் மீதும் படரும். 2011 கோல்டு கோப்பைக் காலிறுதியில் பனாமாவிடம் கடைசி நிமிடத்தில் சமன் கோல் வாங்கி, பெனால்டியில் தோற்றார்கள். பந்து கோட்டைக் கடந்ததா என்பதே சர்ச்சை. அன்றைக்கு நடுவர் மீது கோபப்பட்டார்கள் ரசிகர்கள். அந்தக் கோபத்தைக்கூட இப்போது முழுமனத்துடன் படமுடியாது. விற்கப்பட்டவை சில ஆட்டங்கள்தாம். களவுபோனதோ தோல்வியைத் தோல்வியாக எண்ணித் துக்கப்படும் உரிமை. புறப்புண்ணுக்கு நாணிய மன்னர்களைப் பாடம் நடத்துபவன் நான். அங்கே காயம் எங்கே பட்டது என்பதையாவது ஊரார் கண்ணால் காண முடிந்தது.

2015 டிசம்பர் 10 அன்று ஹொண்டுராசின் லா செய்பா நகரில், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த அந்நாட்டு அணியின் அர்னால்ட் பெரால்டா வணிக வளாக வாகன நிறுத்துமிடத்தில் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 26. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஆடித் திரும்பியவர். பதினேழு நாள் கழித்து, டிசம்பர் 27 அன்று, சாண்டா ஆனாவில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் பச்செகோ சுடப்பட்டு இறந்தார். வயது 33. வாழ்நாள் தடை இரண்டு ஆண்டு மூன்று மாதங்களில் முடிந்தது.

சூதாட்டத்துக்கும் இக்கொலைக்கும் முடிச்சுப்போடக் கை துறுதுறுக்கும். அதற்குச் சான்று வேண்டும். அந்த ஆண்டு எல் சால்வடோரில் கொலையுண்டவர்கள் 6,600-க்கும் அதிகம். ஏறத்தாழ அறுபது இலட்சம் பேர் வாழும் நாட்டில். கும்பல்களுக்கிடையே 2012-இல் ஏற்பட்ட போர்நிறுத்தம் முறிந்துபோன பிறகு வந்த ஆண்டு அது. போர் முடிந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. உலகிலேயே கொலை விகிதம் மிகுந்த நாடுகளுள் ஒன்றாக அது இருந்தது. (2022 மார்ச்சில் கொண்டுவந்த நெருக்கடி நிலைக்குப் பின் கொலைகள் பெருமளவு குறைந்தன, பல்லாயிரக்கணக்கானோர் சிறை சென்றனர். அது தனியே எழுத வேண்டியது.) 2017 ஏப்ரலில் பனாமாவின் அமில்கார் என்ரிகெஸ் கோலோன் நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருக்கும் வயது 33. அவர் ஆடிக்கொண்டிருந்த அதே தகுதிச் சுற்றில், ஆறு மாதம் கழித்து, பனாமா முதன்முறையாக உலகக் கோப்பைக்குத் தேர்வு பெற்றது.

பெரால்டாவையும் என்ரிகெசையும் அவரவர் நாட்டு அணி தயக்கமின்றி தன்னவர் என்று சொல்லி அழ முடிந்தது. பச்செகோவின் விஷயத்தில் மரணச் செய்திகள் எல்லாமே இரண்டு தகவல்களை ஒரே வாக்கியத்தில் அடுத்தடுத்து வைத்தன: நாட்டுக்காக மிக அதிகம் ஆடியவர், வாழ்நாள் தடை பெற்றவர். அவ்வாக்கியத்தை இதைவிட நேர்மையாக எழுத எனக்கும் தெரியவில்லை. டெக்சாஸ் ஆட்டத்தின் முடிவு இன்றும் 5-0 என்றே இருக்கிறது. எர்னாண்டசின் மூன்று கோல்களும் அவருடைய கணக்கிலேயே நிற்கின்றன. பச்செகோவின் 86-இலிருந்தும் யாரும் எதையும் கழிக்கவில்லை.