மெஷினில் சிக்கிய விரலை எடுத்துவிட வேண்டியதுதானா? ‘ஃப்ரீ ஃப்ளாப்’ சிகிச்சை எப்படி நடக்கிறது?

முகப்பேரை ஒட்டியுள்ள அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பவர் பிரஸ், லேத் மெஷின்களில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சோறு போடுவதே விரல்கள்தான். விரல் மெஷினில் சிக்கிச் சிதைந்தால், ‘எடுத்துட வேண்டியதுதான்’ என்று உடனே முடிவு கட்டத் தேவையில்லை.

ஃப்ரீ ஃப்ளாப் என்றால் என்ன?

எலும்போ தசைநாணோ வெளியே தெரியும் காயத்தில் வெறும் தோலை ஒட்டினால் பிடிக்காது. அடியிலிருந்து அதற்கு ரத்தம் கிடைக்காது. அதனால் முன்கை, கால் விரல் போன்ற இடங்களிலிருந்து தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுக்கிறார்கள். அதைக் காயத்தில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி குழாயோடு குழாயைத் தைக்கிறார்கள். விரலின் ரத்தக்குழாய் சுமார் 1 மில்லிமீட்டர்தான். தைக்கும் நூல் தலைமுடியைவிட மெல்லியது.

எல்லோருக்கும் இது தேவையா?

இல்லை. சின்னக் காயம் என்றால் அதே விரலின் தோலை நகர்த்தியே மூடலாம். சாய்வாக வெட்டுப்பட்ட விரல் நுனிக்கு அப்படி ஒரு முறையை 1980-ல் மருத்துவ இதழில் எழுதியவர்கள் டாக்டர்கள் ஆர்.வெங்கடசாமி, என்.சுப்பிரமணியன். இதில் வெங்கடசாமி, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென தனித் துறையை வளர்த்தவர். கட்டைவிரலே போய்விட்டால், கால் விரலை எடுத்து அங்கே பொருத்தும் சிகிச்சையும் உண்டு.

விபத்து நடந்ததும் என்ன செய்ய வேண்டும்?

* சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். விரலை நூலால் இறுக்கிக் கட்டாதீர்கள். மஞ்சள்தூள், காபித்தூள் வேண்டவே வேண்டாம்.
* துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் மேல் ஐஸ் நேரடியாகப் படக் கூடாது. உறைந்தால் திசு செத்துவிடும்.
* நசுங்கிய துண்டு என்றாலும் தூக்கிப் போடாதீர்கள். அதன் தோலும் நரம்பும் பக்கத்து விரலைச் சரிசெய்ய உதவலாம்.
* குளிர்ச்சியில் வைக்காத விரல் சுமார் 12 மணி நேரமும், வைத்த விரல் சுமார் 24 மணி நேரமும் தாங்கலாம். ஆனாலும் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகு?

முதல் 2, 3 நாட்கள் முக்கியம். ஃப்ளாப்பின் நிறம் மாறினால் ரத்தம் உறைந்திருக்கலாம். மறுபடி ஆபரேஷன் தேவைப்படும். பீடி, சிகரெட் ரத்தக்குழாயைச் சுருக்கும் என்பதால் கூடவே கூடாது. உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகும். பிசியோதெரபியை விட்டுவிட்டால் விரல் இருந்தும் மடங்காது.

வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சம்பளம்? இஎஸ்ஐ-யில் பதிவான தொழிலாளிக்கு, வேலையில் ஏற்பட்ட காயத்தால் வீட்டில் இருக்கும் காலத்தில் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். கம்பெனி விபத்து அறிக்கை கொடுத்துவிட்டதா என்று வீட்டில் இருப்பவர்கள் உடனே கேட்டுவிடுவது நல்லது.